தமிழ்ச் சொல் திரட்டும் இளைஞர்களுக்கு

பொம்மையார்பாளையம்,
வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

அன்பார்ந்த இளைஞர்களே,

திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும், இன்னும் சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்துகொண்டு, கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் பொருட்டு இணையத் தளங்கள்தோறும் நிரல்களை அனுப்பித் தமிழ்ப் பக்கங்களைத் திரட்டிவரும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். உங்களில் ஒருவரையும் நான் நேரில் அறியேன். ஆனால் அந்த நிரல்களை, அதாவது உங்கள் கிராலர்களை, அவை என் தளத்தின் சர்வர் லாக்கில் விட்டுச்செல்லும் வரிகளைக் கொண்டு, ஓரளவு அறிவேன். அந்த அறிமுகத்தின் உரிமையில் ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் முயற்சியை ஆட்சேபிப்பது என் உத்தேசமன்று. உலக இணையத்தை மாதந்தோறும் படியெடுத்து யாவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்துவரும் காமன் கிரால் என்னும் ஸ்தாபனத்தின் பெருங்களஞ்சியத்தில் தமிழின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை என்பதும், சென்னை ஐ.ஐ.டி.யில் ஏஐ4பாரத் குழுவினர் 22 இந்திய மொழிகளுக்கும் சேர்த்து உரைத்தொகுதி கட்ட முனைந்தபோது தளம் தளமாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது என்பதும் நான் அறிந்தவையே. அச்சுக்கு வந்த தமிழ் ஏராளம், இணையத்துக்கு வந்த தமிழ் சொற்பம், அச்சொற்பத்திலும் இயந்திரத்தின் கைக்கு எட்டுவது இன்னும் சொற்பம் என்றிருக்கும் நிலையில், அதனைத் திரட்ட முன்வருகிறவர்கள் மொழிக்கு ஒரு பெரும் பணி செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரட்டும் முறையைப் பற்றித்தான் பேச வந்தேன். அதிலும், ஒரு பக்கத்தை எடுக்குமுன் எடுக்கலாமா என்று உங்கள் நிரல் கேட்கிறதே, அந்த ஒரு கேள்வியைப் பற்றி.

நான் காத்துவருவது மிகச் சிறிய தளம். மரக்காணத்து உப்பளங்களிலும், அங்கிருந்து தெற்கே எங்கள் ஊர் வரை நீளும் கடற்கரைக் குப்பங்களிலும் வழங்கும் சொற்களை, பாத்தி மிதித்தல், உப்பு வாருதல், அம்பாரம் கட்டுதல் என்பன போன்ற தொழிற்சொற்களையும், வாடை, கொண்டல், சோழகம் என்று மீனவர் காற்றுக்கு இட்ட பெயர்களையும், அவற்றைச் சொன்னவர்கள் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். அத்தனை பழமையான உப்பு வாணிகத்தின் சொற்கள் இன்னும் எத்தனை காலம் வாயில் நிற்கும் என்ற கவலையே இத்தளத்துக்குக் காரணம். ஆண்டுச் சந்தா கட்டி, பலரோடு பங்கிட்டுக்கொள்ளும் ஒரு சர்வரின் மூலையில் அது குடியிருக்கிறது.

அத்தளத்தில் அமாவாசை பௌர்ணமிகளைக் காட்டும் ஒரு நாட்காட்டியும் உண்டு. கடலுக்குப் போகிறவர்களுக்குப் பிரயோஜனப்படுமே என்று வைத்தது. 'அடுத்த மாதம்' என்ற சுட்டியை அழுத்தினால் அடுத்த மாதத்தை அப்போதே கணித்துக் காட்டும். மனிதர்கள் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் அதனை அழுத்துவதில்லை. ஓர் இரவு ஒரு கிராலர் வந்தது, அந்தச் சுட்டியைக் கண்டது, அழுத்தியது, வந்த பக்கத்திலும் அதே சுட்டியைக் கண்டு மறுபடியும் அழுத்தியது. லாக்கில் நான் பார்த்தபோது அது இருபத்துமூன்றாம் நூற்றாண்டின் தை அமாவாசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உப்பளச் சொற்களின் பக்கம் அது எட்டியும் பார்க்கவில்லை. நாட்காட்டிக்குள் கிராலர்கள் வரலாகாது என்று முறைப்படி எழுதி வைத்த அறிவிப்பு தளத்தின் வாசலிலேயே இருந்தது. அதனை அது கேட்டு வாங்கியதாக ஒரு வரியும் லாக்கில் இல்லை. தன்னை ஒரு சாதாரண பிரௌசர் என்று சொல்லிக்கொண்டு வந்தமையால், யாருடைய நிரல் என்று விசாரிக்கவும் வழியில்லாமற் போயிற்று. சர்வர் கம்பெனியார் அளவுக்கு மீறிய உபயோகம் என்று தளத்தையே சில நாள் முடக்கிவைத்தார்கள். அந்த நிரலை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கேட்கும் வரி ஒன்று அதில் இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

அந்த வாசல் அறிவிப்புக்கு ரோபாட்ஸ் டெக்ஸ்ட் என்று பெயர் என்பதும், தளத்தின் வேரடியில் அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அது பிறந்த விதம் உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இணையமே குழந்தையாக இருந்த நாளில், இங்கிலாந்தில் நெக்ஸார் என்ற கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்த மார்ட்டின் கோஸ்டர் என்ற நெதர்லாந்து நாட்டுக் கணிப்பொறியாளரின் சர்வர், அடக்கமின்றி வந்த ஒரு நிரலால் திணறிப் போயிற்று. அந்த நிரலை எழுதிய குற்றவாளி தாமே என்று, பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற சார்ல்ஸ் ஸ்ட்ராஸ் சொல்லியிருக்கிறார். கோஸ்டர் கோபித்துக்கொண்டு கதவை அடைக்கவில்லை; எந்தெந்தப் பாதைகளுக்குள் ரோபோக்கள் வரவேண்டாம் என்று தளத்தார் ஒரு கோப்பில் எழுதி வைப்பது, ரோபோ எழுதுவோர் அதனை முதலில் படித்துவிட்டு உள்ளே வருவது என்று ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். அவ்வாண்டு ஜூன் 30-ஆம் தேதியிட்ட ஆவணத்தில் அது ரோபோ எழுதுவோரின் பொது உடன்பாடாக வெளிவந்தது. அதற்குச் சட்டமில்லை, தண்டனையில்லை, சர்க்கார் முத்திரையுமில்லை. அப்படியிருந்தும், ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணுடன் 2022 செப்டம்பரில் அது முறையான இணைய நியமமாக வெளிவரும் வரை இருபத்தெட்டு ஆண்டுகள், பெரிய தேடுபொறிகள் அனைத்தும் வெறும் மரியாதையின் பேரிலேயே அதற்குக் கட்டுப்பட்டு நடந்தன.

எங்கள் கடற்கரையில் இதனைப் புரிந்துகொள்வது எளிது. குப்பத்தில் ஒரு சாவு நேர்ந்தாலோ அம்மனுக்குத் திருவிழா வந்தாலோ இன்று தொழிலுக்குப் போகலாகாது என்று ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்வார்கள். கடலில் வேலி போட எவராலும் இயலாது, மீறிப் போகிற படகைப் பிடித்து நிறுத்தக் கப்பலும் அவர்களிடம் இல்லை, ஆயினும் அன்று ஒரு படகும் இறங்காது. சொல்லுக்கு மதிப்பு இருக்கும் வரையில் கட்டுப்பாடு நிற்கிறது. சுருக்குமடி வலை விஷயத்தில் அந்த மதிப்புக் குலைந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் நாங்கள் கண்டோம். ஒரு வளைப்பில் ஒரு கூட்டத்தையே வாரிவிடும் அந்த வலையைத் தமிழக அரசு 2000-ஆம் ஆண்டில் தடைசெய்தது. போடுகிறவர்களுக்கும் போடாதவர்களுக்கும் குப்பத்துக்குக் குப்பம் பகை மூண்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டே நாட்கள், குறித்த மணிக்குள் என்று 2023 ஜனவரியில் நீதிபதிகள் மணிக்கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இணையத்திலும் அந்தக் கட்டம் வந்துவிட்டது. தேடுபொறியின் கிராலர் வந்து பக்கத்தைப் படித்தால், பிறகு தேடுகிறவர்களைத் தளத்துக்கு அனுப்பியும் வைத்தது. அதனால் தளத்தார் வாசலைத் தாராளமாகத் திறந்து வைத்தார்கள். மொழி மாதிரிகளுக்கு உரை சேர்க்கும் கிராலர்கள் வந்த பின்னர் அந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாமற் போயிற்று. 2023 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ கம்பெனியார் தங்கள் கிராலரின் பெயர் ஜிபிடிபாட் என்று அறிவித்து, வேண்டாதவர்கள் ரோபாட்ஸ் டெக்ஸ்டில் எழுதி வைக்கலாம் என்றதும், உலகெங்கும் செய்தித்தளங்கள் அந்த வரியை எழுதி வைக்க விரைந்தன. நம் நாட்டில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் அதே கம்பெனியின்மேல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பிறர் தளங்களுக்கு முன்னே நின்று காவல் காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம், புதிதாக வரும் தளங்களுக்கு இத்தகைய கிராலர்களை முன்னிருப்பாகவே தடுக்கத் தொடங்கியது 2025 ஜூலையில். சொல்லுக்குப் பதிலாகச் சுவர்கள் எழுகின்றன. அச்சுவர்களால் பெருங்கம்பெனிகளுக்கு அதிக நஷ்டமில்லை. அவர்கள் பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள். கல்லூரி விடுதியில் உட்கார்ந்து ஒரு பழைய மடிக்கணினியில் தமிழ் திரட்டுகிற உங்களுக்குத்தான் கதவு மூடும். ஆகவே கேட்டுவிட்டு எடுக்கும் வழக்கத்தைக் காப்பாற்றுவதில் என்னைவிட உங்களுக்கே அக்கறை அதிகம் இருக்க வேண்டும்.

இனி, கேட்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உங்களில் பெரும்பாலோர் பைத்தானில் எழுதுகிறவர்கள். அம்மொழியோடு கூடவே வரும் ரோபாட்பார்சர் என்ற சாதனத்துக்குத் தளத்தின் கோப்பைக் காட்டி, உங்கள் கிராலரின் பெயரையும் எடுக்கவிருக்கும் பக்கத்தின் முகவரியையும் கொடுத்தால், 'கேன்-ஃபெட்ச்' என்ற வினைக்கு ஆம் அல்லது இல்லை என்று விடை தரும். நான்கு வரிகளில் முடியும் காரியம். இதைச் செய்யாதிருக்க நேரமின்மை ஒரு காரணமாகாது. ஆனால் நான்கு வரியை எழுதிவிட்டதாலேயே கேட்டுவிட்டதாகவும் ஆகாது. நான் பார்த்த நிரல்களில் பழுது இருந்ததெல்லாம், கேள்விக்குத் தெளிவான விடை வராத தருணத்தில் நிரல் என்ன செய்கிறது என்ற இடத்திலேதான்.

கோப்பு அங்கே இல்லை, 404 என்று சர்வர் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நியமப்படி அது சம்மதம். தளத்தார் எதையும் விலக்கவில்லை, தாராளமாக உள்ளே போகலாம். சர்வர் 503 என்று சொல்கிறது. அல்லது தடுமாறி ஒன்றுமே சொல்லவில்லை. இப்போது நியமம் தலைகீழாகத் திரும்புகிறது: முழுத் தளமும் விலக்கப்பட்டதாகவே எண்ணி நிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் ஆழ்ந்த விவேகத்தில் பிறந்தது. கோப்பு இல்லை என்று திடமாகச் சொல்லும் சர்வர் நல்ல நிலையில் இருக்கிறது. விடை சொல்ல முடியாத சர்வரோ ஏற்கனவே பாரம் தாங்காமல் தவிக்கிறது, அந்த நேரத்தில் அதன்மேல் இன்னும் ஆயிரம் கேள்விகளை ஏற்றலாகாது. பைத்தானின் சாதனம் இவ்விஷயத்தில் நியாயமாகவே நடக்கிறது; கோப்பைப் படித்து முடிக்காத வரையில் எதைக் கேட்டாலும் இல்லை என்றே சொல்லும். ஆனால் இணைப்பு அறுந்தால் அது பிழை ஒன்றை எழுப்பும். அப்பிழையைக் கண்டு நிரல் நின்றுவிடலாகாதே என்று எண்ணிய இளைஞர், 'எக்ஸெப்ட்' என்று ஒரு வரி எழுதி, அதன் கீழே 'ரிட்டர்ன் ட்ரூ' என்று இன்னொரு வரியும் எழுதிவிடுகிறார். விடை வராவிட்டால் ஆம் என்று கொள்க என்பது அதன் பொருள். ஓய்வெடுக்க முடியாத சர்வரை ஓயாமல் அடிக்கும் கிராலர்களில் எத்தனையோ இந்த ஒரு வரியினின்றும் புறப்பட்டவை என்பது என் அபிப்பிராயம். தயைகூர்ந்து உங்கள் நிரல்களைத் திறந்து அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இருந்தால் 'ட்ரூ' என்பதை 'ஃபால்ஸ்' என்று மாற்றுங்கள்.

இதற்கு நேரெதிரான விபத்தும் உண்டு. பைத்தானின் சாதனம் கோப்பை வாங்கப் போகும்போது உங்கள் கிராலரின் பெயரைச் சொல்லாமல், தன் இயற்பெயராகிய 'பைத்தான்-யூஆர்எல்லிப்' என்பதையே சொல்லிக்கொண்டு போகும். பெயர் சொல்லாத நிரல்கள் பல அந்தப் பொதுப்பெயரிலேயே வந்து தொல்லை கொடுத்திருப்பதால் பல சர்வர்கள் அதனைக் கண்டதும் 403 என்று விரட்டிவிடும். 403 கிடைத்தால் தளம் முழுவதும் விலக்கு என்று அந்தச் சாதனம் முடிவு கட்டும். 4xx என்ற வரிசை எதுவாயினும் போகலாம் என்றே நியமம் இடம் தருகிறது; பைத்தான் அதனினும் கண்டிப்பானது, அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விளைவு என்னவெனில், மனமுவந்து உங்களை வரவேற்கும் தளமும் மறுத்துவிட்டதாகவே உங்கள் நிரலுக்குத் தோன்றும். நீங்களும் இந்தச் சாதனம் உதவாது என்று வெறுத்துக் கேள்வியையே நீக்கிவிடுவீர்கள். கோப்பை நீங்களே உங்கள் பெயரைச் சொல்லி வாங்கி, வந்த உரையைப் பார்சரிடம் கொடுத்தால் தீர்ந்தது. கொடுக்குமுன் வந்தது உண்மையிலேயே எழுத்துக் கோப்புதானா என்றும் பாருங்கள். 'பக்கம் இல்லை' என்று அழகாக அச்சிட்ட எச்டிஎம்எல் பக்கத்தை 200 என்ற வெற்றி எண்ணோடு அனுப்பும் சர்வர்கள் உண்டு. அதில் விதி ஒன்றும் தென்படாமையால் பார்சர் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிடும்.

விதிகளைப் படிக்கும் வரிசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு விதிகள் ஒரே பக்கத்துக்குப் பொருந்தினால் நீளமான பாதையைச் சொல்லும் விதியே செல்லும் என்பது நியமம். பைத்தானின் சாதனமோ, பல ஆண்டுகளாக வழங்கிவந்த பதிப்புகளில், மேலிருந்து கீழே படித்து முதலில் பொருந்துவதையே ஏற்கும். தளத்தார் ஒருவர் முதல் வரியில் 'அலவ்' என்று தளம் முழுவதையும் குறிக்கும் சாய்கோட்டையும், இரண்டாம் வரியில் 'டிஸ்அலவ்' என்று நாட்காட்டியையும் எழுதி வைத்தால், கூகுளின் கிராலர் நாட்காட்டிக்குள் போகாது. உங்கள் கிராலர் முதல் வரியோடு திருப்தியடைந்து உள்ளே போய்விடும். நட்சத்திரக் குறியிட்ட விதிகளையும் அப்பதிப்புகள் அறியா. ஸ்கிராப்பி என்ற கிராலர்ச் சாதனத்தை உபயோகிக்கிறவர்களுக்குப் புரோட்டெகோ என்ற பார்சர் கூடவே வருகிறது. அது இவ்விரண்டையும் சரியாகக் கையாளும், தனியாகவும் எடுத்து உபயோகிக்கலாம். ஒரு கோப்பில் உங்கள் கிராலரின் பெயரிலேயே ஒரு பகுதி இருந்தால் அதுமட்டுமே உங்களைக் கட்டும், எல்லோருக்குமான நட்சத்திரப் பகுதி கட்டாது என்பதையும், ஒருமுறை வாங்கிய கோப்பை ஒரு நாளுக்கு மேல் நம்பலாகாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

தமிழருக்கே உரிய தொல்லை ஒன்றை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. பாதையின் பெயரைத் தமிழிலேயே வைக்கும் ஆசை எனக்கும் இருந்தது. 'தொகுப்பு' என்று ஒரு பகுதிக்குப் பெயரிட்டு, அதற்குள் கிராலர்கள் வரவேண்டாம் என்று விதியும் எழுதினேன். தமிழ் எழுத்து முகவரியில் போகும்போது ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட்டுகளாகவும், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு கூடிய மூன்று எழுத்துகளாகவும் மாறும். 'உப்பு' என்ற சிறு சொல்லே 5 குறிகள், 15 பைட்டுகள், 45 எழுத்துகளாகப் பெருத்துவிடும். அது போகட்டும், எந்திரத்துக்கு அலுப்பில்லை. ஆனால் 'தொ' என்ற எழுத்தின் ஒகரத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைட்டுகளில் இரண்டும் வேறு. ஒரு விசைப்பலகையில் தட்டிய விதியும் வேறொரு விசைப்பலகையில் தட்டிய பக்கமும் ஒன்றையொன்று அறியாமல் நிற்க, விலக்கப்பட்ட பக்கம் விலக்கப்படாததாகிவிடுகிறது. இவ்விரண்டையும் ஒருமுகப்படுத்த வேண்டும் என்று நியமத்தில் விதியில்லை. ஆயினும் தமிழ்த் தளங்களுக்குப் போகும் நீங்கள், விதியையும் முகவரியையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒருமுக வடிவுக்கு மாற்றிக்கொண்டு ஒருமுறை கூடுதலாக ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு பெரிய உபகாரத்தைச் செய்தவர்களாவீர்கள். இது கேட்க அற்பமாகத் தோன்றும். தமிழ்க் கணிமையில் பாதி வேலை இத்தகைய அற்பங்களே.

கோப்பு போகலாம் என்று சொன்னால் எல்லாச் சம்மதமும் கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. அது அனுமதிச் சீட்டு அன்று என்பதை நியமமே கூறுகிறது. கிராலர் நடமாடலாமா என்பதற்குமட்டுமே அது விடை. எடுத்ததை என்ன செய்யலாம் என்பது வேறு விஷயம். மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கி, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் சேர்த்த இலக்கியச் செல்வம் அது; யாரும் எடுத்துப் பரப்பலாம், முகப்புப் பக்கத்தைமட்டும் நீக்காமல் கொடுங்கள் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. அம்முகப்பில்தான் மின்னுரை ஆக்கியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கின்றன. உங்கள் சுத்திகரிப்பு நிரல் முதலில் வெட்டி எறிவது எதை? ஆங்கில எழுத்து மிகுந்த, வாக்கியமாக அமையாத அந்த முகப்பையேதான். பயிற்சிக்கு அது வேண்டாததாக இருக்கலாம்; தனியே ஒரு கோப்பில் அப்பெயர்களைச் சேர்த்துத் தொகுதியோடு வைப்பதற்கு என்ன கஷ்டம்?

விக்கிப்பீடியாவுக்குக் கிராலர் அனுப்புவது வேறொரு விதமான வீண். தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் முழுவதையும் மொத்தக் கோப்பாக அதனை நடத்துகிறவர்களே அவ்வப்போது வெளியிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். அதனை விடுத்துப் பக்கம் பக்கமாகப் போகிறவர்கள் ஒரு சிலர்மட்டுமல்லர் என்பதற்கு, 2024 ஜனவரி முதல் படங்களும் ஒலி ஒளிக் கோப்புகளும் இறங்கும் அளவு நூற்றுக்கு ஐம்பது வீதம் பெருகிவிட்டது என்றும், தங்களுக்கு மிக அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 வீதம் நிரல்களாலேயே வருகிறது என்றும் விக்கிமீடியா நிறுவனத்தார் 2025 ஏப்ரலில் சொன்னதே சான்று. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காப்பாற்றி வைத்திருக்கும் நூலகம் தளம் போன்றவை நன்கொடையிலும் தொண்டர் உழைப்பிலும் நடப்பவை. அத்தகையோரிடம் நிரலை அனுப்புமுன் ஒரு கடிதத்தை அனுப்புங்கள். உங்கள் நிரல் பல நாள் அலைந்து திரட்டுவதை, மனமிருந்தால், அவர்கள் ஒரே நாளில் எடுத்துக் கொடுத்துவிட முடியும்.

பெருங்கம்பெனிகள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்ட பிறகு ஏழைத் தமிழன்மட்டும் விரதம் இருப்பானேன் என்று உங்களில் ஒருவர் கேட்பார். அக்கேள்வியில் நியாயமில்லையென்று நான் சொல்லமாட்டேன். கோப்பை அனுசரிக்காததே எப்போதும் பாவம் என்றும் சொல்லேன். தேடுபொறிகளுக்காக எழுதிய விலக்கு எதிர்காலத்துக்காகச் சேமிக்கும் வேலைக்குப் பொருந்தாது என்று இன்டர்நெட் ஆர்க்கைவ் நூலகத்தார் 2017-ஆம் ஆண்டில் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு, தங்கள் பெயரிலேயே, ஆட்சேபம் வந்தால் கேட்கும் முகவரியோடு அவ்வாறு செய்தார்கள். அவர்களோடு வாதிடலாம், அவர்கள் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. என் நாட்காட்டிக்குள் வந்த கிராலருக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் அதுவே. சட்டத்தின் பக்கம் போனாலும், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில், உரியவர் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவை எடுப்பதையும், கணினியின் வேலையைத் தடைப்படுத்துவதையும் நஷ்டஈட்டுக்குரியனவாக வைத்திருக்கிறது. திறந்து கிடக்கும் இணையப் பக்கத்துக்கு அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வக்கீல்கள் வாதிடட்டும். விலக்கு எழுதியிருந்த தளத்தில், மாறுவேடத்தில் போய் எடுத்தவருக்கு அந்த வாதம் சாதகமாக இராது என்பதை ஊகிக்க வக்கீல் வேண்டியதில்லை.

ஆகவே என் வேண்டுகோள்கள் சொற்பம். கிராலருக்கு ஒரு பெயர் வையுங்கள். யூசர்-ஏஜென்ட் வரியில் அப்பெயரோடு உங்களை அடையும் மின்னஞ்சலையோ பக்கத்தின் முகவரியையோ சேருங்கள். எடுத்த ஒவ்வொரு பக்கத்தோடும், அன்று அத்தளத்தின் கோப்பு என்ன விடை சொன்னது என்பதைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். ஐந்தாண்டு கழித்து உங்கள் தொகுதியை உபயோகிக்கிறவர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும், அப்போது அத்தளமே இல்லாமற் போயிருக்கவும் கூடும். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே சில வினாடிகளேனும் பொறுங்கள். 'க்ரால்-டிலே' என்று தளத்தார் இடைவெளி குறித்திருந்தால், அது நியமத்தில் சேரவில்லை என்ற சாக்கில் தள்ளாமல் அனுசரியுங்கள். பைத்தானின் சாதனமே அதனைப் படித்துச் சொல்லும். அவசரம் என்று நீங்கள் நினைக்கும் காரியம், தமிழ் காத்திருந்த காலத்தோடு பார்த்தால், அவ்வளவு அவசரமானதன்று.

என் தளத்தின் உப்பளச் சொற்களும் கடற்கரைச் சொற்களும் உங்களுக்கு வேண்டுமானால், கிராலரே தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருக்கி, சொன்னவர்களின் ஊரும் தொழிலும் உடன் இருக்கும்படி முகப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அதன் முகவரியை ரோபாட்ஸ் டெக்ஸ்டின் முதல் வரியில் குறிப்பாக எழுதியும் இருக்கிறேன், ஆதலால் கோப்பைப் படிக்கிறவர்களுக்கு அது முதலில் கண்ணில் படும். அப்படியும் உங்கள் நிரலையே அனுப்ப வேண்டுமென்ற விருப்பம் இருந்தால், அதன் பெயரை எனக்கு எழுதியனுப்புங்கள்; உங்கள் பெயரில் ஒரு பகுதி சேர்த்து, நாட்காட்டி நீங்கலாக எல்லாவற்றையும் திறந்துவிடுகிறேன். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போவதால் பதில் வர இரண்டொரு நாள் தாமதமாகலாம்.

இப்படிக்கு,
பொம்மையார்பாளையத்துச் சிறு தளம் ஒன்றின் காப்பாளன்